ஒரு பேஸ்பால் டீம் யாருக்குச் சொந்தம்? வால்டர் ஓமாலிங்கற வக்கீல் கதையை வச்சு ஒரு எளிய விளக்கம்

ஒரு டீமுக்கு ஓனர்னு சொன்னதும் எல்லார் மனசுலயும் ஒரே ஒரு பணக்காரர்தான் வந்து நிப்பாரு. காசு குடுத்து வாங்குவாரு, சலிச்சுப் போனா வித்துடுவாரு, அவ்வளவுதானேன்னு தோணும். அமெரிக்க பேஸ்பால்ல நெலமை அப்படி இல்ல. டீம்ங்கறது சட்டப்படி ஒரு கம்பெனி, அதுக்குப் பங்கு உண்டு, பங்குதாரர்கள் உண்டு, அவங்களுக்குள்ள எழுதி வச்ச ஒப்பந்தம் உண்டு, ஒருத்தர் இறந்துட்டா அவரோட பங்கு வாரிசுகளுக்குப் போகும், வாரிசுகளுக்குள்ள சண்டை வந்தா ஒரு பேங்க்காரரோ வக்கீலோ உள்ள வருவாரு. அப்படி உள்ள வந்த ஒரு வக்கீல்தான் வால்டர் ஓமாலி. நியூயார்க்ல இருந்த ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமோட வக்கீலா சேந்து, கால் பங்கு ஓனராகி, கடைசில அந்த டீமையே நாட்டோட இன்னொரு கோடிக்குக் கொண்டுபோனவரு. கூட்டு ஓனர்ஷிப்னா என்னன்னு புரிஞ்சுக்க இவரு வாழ்க்கையை விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

முதல்ல அந்த டீமோட சொத்து நெலமையைப் பாத்துடலாம், ஏன்னா கதையே அங்கதான் ஆரம்பிக்குது. சார்லஸ் எபெட்ஸ்னு ஒருத்தர்தான் டாட்ஜர்ஸோட பழைய ஓனர். அவருக்கு ப்ரூக்ளின்ல நல்ல ஸ்டேடியம் ஒண்ணு கட்டணும்னு ஆசை, கையில காசு பத்தல. அதனால 1912-ல எட் மெக்கீவர், ஸ்டீவ் மெக்கீவர்னு ரெண்டு கான்ட்ராக்டர் சகோதரர்கள்கிட்ட டீம்ல பாதியைக் குடுத்துட்டு அவங்களைக் கூட்டாளியா சேத்துக்கிட்டாரு. 1913-ல எபெட்ஸ் ஃபீல்ட் ஸ்டேடியம் வந்துருச்சு, எல்லாம் நல்லாதான் போச்சு. ஆனா 50-க்கு 50 பிரிச்சதுல ஒரு பெரிய ஆபத்து இருக்கு, ரெண்டு தரப்பும் ஒத்துப்போற வரைக்கும் அது வெளிய தெரியாது. 1925 ஏப்ரல்ல எபெட்ஸ் இறந்தாரு. அவரோட அடக்கத்துக்குப் போய் குளிர்ல நின்ன எட் மெக்கீவருக்கும் உடம்பு முடியாம போய் ரெண்டு வாரத்துக்குள்ள அவரும் போய்ட்டாரு. இப்போ பாதி எபெட்ஸ் வாரிசுகள்கிட்ட, பாதி மெக்கீவர் குடும்பத்துகிட்ட. யார்கிட்டயும் பாதிக்கு மேல ஒரு பங்கு கூட அதிகமா இல்ல, அதனால யார் எதைச் சொன்னாலும் இன்னொரு பக்கம் தடுக்க முடியும். பத்து வருஷத்துக்கு மேல டீம் இழுபறியிலயே ஓடுச்சு, கடன் ஏறுச்சு.

அந்தக் கடனைக் குடுத்தது ப்ரூக்ளின் டிரஸ்ட் கம்பெனிங்கற பேங்க். எபெட்ஸோட சொத்தை வாரிசுகளுக்காக நிர்வாகம் பண்ற பொறுப்பும் அதே பேங்க்கிட்டதான் இருந்துச்சு. பேங்க்கோட தலைவர் ஜார்ஜ் மெக்லாக்லின், ஒரு காலத்துல நியூயார்க் போலீஸ் கமிஷனரா இருந்தவரு. இவரு டீம்ல ஒரு பந்து கூட விளையாடினது இல்ல, ஒரு பங்கு கூட வாங்கல, ஆனா கடன் குடுத்தவர் சொல்றதைக் கேக்காம டீம் நகர முடியாது. பேப்பர்ல ஓனர் யாரோ, நடைமுறையில கட்டுப்பாடு வேற யார்கிட்டயோ இருக்கலாம்ங்கறதுக்கு இதுதான் முதல் உதாரணம்.

சரி, ஓமாலிக்கு வருவோம். 1903-ல பிராங்க்ஸ்ல பொறந்தவரு, அப்பா எட்வின் ஓமாலி நியூயார்க் நகரத்தோட மார்க்கெட் கமிஷனரா இருந்தாரு. பையன் பென்சில்வேனியா யுனிவர்சிட்டில 1926-ல படிப்பு முடிச்சாரு, கொலம்பியா சட்டக் கல்லூரில சேந்தாரு, அங்க இருந்து ஃபோர்டம் போய் சாயங்கால வகுப்புல படிச்சு 1930-ல சட்டம் முடிச்சாரு. வக்கீலா வெளிய வர்ற நேரத்துல அமெரிக்காவே பொருளாதார மந்தத்துல விழுந்து கெடக்கு. எல்லா வக்கீலும் கட்சிக்காரர் இல்லாம தவிச்சப்போ இவரு திவாலான கம்பெனிகளை எடுத்துக்கிட்டாரு, அந்தக் காலத்துல அது மட்டும்தான் குறையாம வந்துகிட்டே இருந்த வேலை. நொடிச்சுப்போன கம்பெனியோட கணக்கைப் பிரிச்சு யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தப் பத்திரம் யார் கையில இருக்குன்னு பாக்கறதுதான் அவரோட அன்றாட பாடம். பின்னாடி நடந்ததையெல்லாம் பாக்கறப்போ அவரு பேஸ்பாலுக்குத் தயாரானது இங்கதான்னு எனக்குத் தோணுது.

இடையில ஒரு விஷயம், இது டீம் கதைக்கு நேரடியா வேணாம், ஆனா அந்த மனுஷனைப் பத்திச் சொல்லும். அவரு கல்யாணம் பண்ணிக்க இருந்த கே ஹான்சன்ங்கற பொண்ணுக்கு கல்யாணத்துக்கு முன்னாடியே தொண்டையில கேன்சர் வந்து குரலே போயிடுச்சு. மெல்லிசா முணுமுணுக்கத்தான் முடியும். 1931-ல அவங்களையே கட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் கூட இருந்தாரு, 1979-ல ரெண்டு பேரும் சில வார இடைவெளில போய்ச் சேந்தாங்க. ப்ரூக்ளின்ல இன்னிக்கும் இவரைத் திட்டறவங்க உண்டு, திட்டறதுக்குக் காரணமும் இருக்கு, ஆனா இதையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு திட்டணும்.

மெக்லாக்லின் கண்ணுல ஓமாலி பட்டாரு, பேங்க் வேலை குடுத்தாரு, 1943-ல டாட்ஜர்ஸோட வக்கீலா உக்கார வச்சாரு. அதுக்கு முன்னாடி அந்த இடத்துல இருந்தவரு வெண்டெல் வில்கி, 1940-ல ஜனாதிபதித் தேர்தல்ல ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்னவரு. அப்போ டீமோட விளையாட்டு விஷயங்களைப் பாத்துகிட்டு இருந்தது பிராஞ்ச் ரிக்கி. இவரும் சட்டம் படிச்சவர்தான், ஆனா இவரோட மூளை முழுக்க ஆட்டக்காரங்களைக் கண்டுபிடிக்கறதுலயே இருந்துச்சு.

பங்கு எப்படி கைமாறுச்சுன்னு இப்போ மெதுவா பாருங்க. 1944 நவம்பர்ல எட் மெக்கீவர் குடும்பத்துகிட்ட இருந்த 25 சதவீதத்தை ஓமாலியும் ரிக்கியும் இன்னொரு கூட்டாளியோட சேந்து வாங்குனாங்க. 1945 ஆகஸ்ட்ல எபெட்ஸ் வாரிசுகளோட 50 சதவீதத்தை வாங்குனாங்க, இதுல ஃபைசர் மருந்துக் கம்பெனில பெரிய பதவில இருந்த ஜான் ஸ்மித் கூட்டாளியா வந்தாரு. மொத்தம் 75. அதை ஓமாலி, ரிக்கி, ஸ்மித் மூணு பேரும் ஆளுக்கு 25-ஆ வச்சுக்கிட்டாங்க. மிச்ச 25 ஸ்டீவ் மெக்கீவரோட பொண்ணு டியரி மல்விகிட்ட. நாலு கால் பங்கு. பழைய மாதிரி ரெண்டே தரப்பு இங்க இல்ல, எந்த மூணு பேர் ஒண்ணா நின்னாலும் மெஜாரிட்டி. ஆனா தனியா நிக்கற யாருக்கும் எந்த பலமும் கிடையாது. இதை நல்லா மனசுல வச்சுக்குங்க.

இந்தக் கூட்டாளிகள் காலத்துலதான் ரிக்கி 1945 அக்டோபர்ல ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் பண்ணாரு, 1947 ஏப்ரல் 15-ல ராபின்சன் எபெட்ஸ் ஃபீல்ட்ல இறங்குனாரு, கறுப்பின ஆட்டக்காரர்களை அறுபது வருஷமா வெளிய நிறுத்தியிருந்த பெரிய லீக்கோட கதவு திறந்துச்சு. அதோட முழுப் பெருமையும் ராபின்சனுக்கும் ரிக்கிக்கும்தான் போகணும்னு நான் நினைக்கிறேன். கூட்டாளிகள் குறுக்க நிக்காம இருந்தாங்க, அதுவரைக்கும் சரி.

ஆனா ரிக்கிக்கும் ஓமாலிக்கும் ஒத்துப்போகல. ரிக்கிக்குச் சம்பளம் தவிர ஆட்டக்காரங்களை வேற டீமுக்கு விக்கறப்போ ஒரு பங்கு வரும். ஒரு கூட்டாளியே கமிஷன் வாங்கறாருன்னா அவரு விக்கற முடிவு டீமுக்காகவா, தனக்காகவான்னு மத்த கூட்டாளி கேக்கத்தான் செய்வாங்க. ஸ்மித் மெல்ல மெல்ல ஓமாலி பக்கம் சாஞ்சாரு. 1950 ஜூலைல ஸ்மித் இறந்துட்டாரு, அவரோட பங்கு மனைவிகிட்ட போச்சு, அந்தம்மா ஓமாலி கூட நின்னாங்க. அதே வருஷம் அக்டோபர்ல ரிக்கியோட வேலை ஒப்பந்தம் முடியுது, புதுப்பிக்கறதா இல்ல. இப்போ ரிக்கி என்ன பண்ணுவாரு? கடன் வாங்கித்தான் பங்கையே வாங்கியிருந்தாரு. வித்துட்டுப் போகணும்.

இங்கதான் புதுசா படிக்கறவங்க குழம்புவாங்க. டீம்ல கால்வாசின்னா பெரிய சொத்துதானே, வாங்க ஆளு கியூல நிக்க மாட்டாங்களான்னு. நிக்க மாட்டாங்க. 25 சதவீதம் வாங்குனா உங்களால பயிற்சியாளரை மாத்த முடியாது, டிக்கெட் விலையை வைக்க முடியாது, லாபத்தைப் பிரிச்சுக் குடுங்கன்னு கட்டாயப்படுத்த முடியாது, மத்தவங்க ஒண்ணு சேந்தா நீங்க சும்மா உக்காந்து பாத்துகிட்டு இருக்கணும். அதனால சிறுபான்மைப் பங்கோட விலை எப்பவும் கணக்குப் போட்டதை விடக் கம்மியாத்தான் போகும். இது ஓமாலிக்கு நல்லாத் தெரியும், திவால் கம்பெனிகள்ல இதைத்தானே பாத்துகிட்டு இருந்தாரு. ரிக்கி போட்ட காசை ஒட்டித்தான் ஒரு விலை சொன்னாரு, வேற எவன் வாங்கப்போறான்னு.

ஆனா கூட்டாளிகள் ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருந்துச்சு. யாராவது பங்கை வெளியாளுக்கு விக்க நினைச்சா, அந்த வெளியாள் சொன்ன அதே விலையைக் குடுத்து மத்த கூட்டாளிகள் தாங்களே வாங்கிக்கலாம். முதல் உரிமைன்னு சொல்லலாம். கூட்டாளிகளைப் பாதுகாக்கத்தான் இதை எழுதுவாங்க, தெரியாத ஆளு உள்ள நுழையாம இருக்கும். ரிக்கி இதையே திருப்பிப் போட்டாரு. அவரோட நண்பர், பிட்ஸ்பர்க் டீம்ல ஓனரா இருந்த ஜான் கால்பிரெத் மூலமா வில்லியம் செக்கண்டார்ஃப்ங்கற நியூயார்க் ரியல் எஸ்டேட் புள்ளி வந்து அந்தக் கால் பங்குக்கு சுமார் 10 லட்சம் டாலர் தர்றேன்னாரு. ஓமாலிக்கு வேற வழி இல்ல. விட்டா செக்கண்டார்ஃப் மாதிரி ஒரு ஆளு பக்கத்துல வந்து உக்காருவாரு, தடுக்கணும்னா அந்த விலையைத் தந்தாகணும். தந்தாரு. அதோட விட்டுச்சா, பணத்தை முடக்கி வச்சதுக்காக செக்கண்டார்ஃபுக்கு 50,000 டாலர் தனியா தரணும்னும் இருந்துச்சு. அந்த செக் பேங்க்ல மாறி திரும்பி வந்தப்போ பின்பக்கம் ரிக்கியோட கையெழுத்து இருந்ததை ஓமாலி பாத்தாருன்னு சொல்வாங்க. வக்கீலையே ஒப்பந்தத்தை வச்சு மடக்குன கதை இது, ரிக்கியை நினைச்சா எனக்கு மரியாதை கூடுது. 1950 அக்டோபர் 26-ல ஓமாலி டாட்ஜர்ஸோட தலைவர் ஆனாரு. ரிக்கி பிட்ஸ்பர்க் போய்ட்டாரு.

தலைவரா ஓமாலி எப்படின்னா, முழுக்க வக்கீல். 1954 சீசனுக்கு வால்டர் ஆல்ஸ்டன்ங்கறவரை டீம் மேனேஜரா எடுத்தாரு, ஒரு வருஷ ஒப்பந்தம். முடிஞ்சதும் இன்னொரு ஒரு வருஷம். அப்படியே 23 தடவை. 1955-ல டாட்ஜர்ஸ் முதல் தடவையா வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சாங்க, அதுவும் வருஷக்கணக்கா தோக்கடிச்சுகிட்டே இருந்த நியூயார்க் யாங்கீஸை. ப்ரூக்ளின் ஜனங்களுக்கு அது வெறும் கோப்பை இல்ல. குடியேறி வந்தவங்க, துறைமுகத்துலயும் ஃபேக்டரிலயும் வேலை பாக்கறவங்க, பக்கத்துல மன்ஹாட்டன் மினுக்கறதைப் பாத்துகிட்டே வாழறவங்க, அவங்க கையில இருந்த ஒரே பெருமை அந்த டீம்தான்.

ஆனா கணக்குப் புத்தகம் வேற சொல்லுச்சு. 1947-ல 18 லட்சம் பேர் வந்த இடத்துல, ஜெயிச்ச 1955-லயே 10 லட்சத்தைச் சொச்சம்தான் வந்தாங்க. ஸ்டேடியம் பழசு, 32,000 பேருக்குத்தான் இடம், கார் நிறுத்த 700 இடம். ரசிகர்கள்ல நெறைய பேரு புறநகர்ப் பக்கம் வீடு வாங்கிப் போய்ட்டாங்க, கார்ல வரணும். இதே நேரத்துல 1953-ல பாஸ்டன்ல இருந்து மில்வாக்கிக்குப் போன பிரேவ்ஸ் டீம் அடுத்த வருஷமே 20 லட்சம் பேரை இழுத்துச்சு. அந்தப் பணத்துல நல்ல ஆட்டக்காரங்களை எல்லாம் வளைச்சுப் போட்டுருவாங்கன்னு ஓமாலிக்குக் கவலை.

டீமும் ஸ்டேடியமும் ஸ்டேடியம் நிக்கற நிலமும் மூணு தனித்தனி சொத்துங்கறது இங்கதான் முக்கியமாகுது. ஓமாலி தன் காசுல புது ஸ்டேடியம் கட்டத் தயார், ப்ரூக்ளின்லயே அட்லாண்டிக் அவென்யூவும் ஃப்ளாட்புஷ் அவென்யூவும் சேர்ற இடம், ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே. கூரை போட்ட ஸ்டேடியத்துக்கு பக்மின்ஸ்டர் ஃபுல்லர்ங்கற வடிவமைப்பாளரை வச்சு மாதிரி வரைபடம் எல்லாம் போட்டாரு. ஆனா அந்த இடம் பல பேர் கையில துண்டு துண்டா இருந்துச்சு, தனியா வாங்கப் போனா விலை எங்கயோ போயிடும். அரசாங்கம் கையகப்படுத்தி தனக்கு வித்தா போதும்னு கேட்டாரு, 1949 வீட்டு வசதிச் சட்டத்துல அதுக்கு வழி இருந்துச்சு. அந்தச் சாவி ராபர்ட் மோசஸ்ங்கற அதிகாரி கையில. தேர்தல்ல ஜெயிக்காமலே நியூயார்க்கோட ரோடு, பாலம், பார்க் எல்லாத்தையும் தீர்மானிச்சவரு. தனியார் டீமுக்கு ஸ்டேடியம் கட்டறது பொது நோக்கம் ஆகாதுன்னு முடியாதுன்னுட்டாரு. வேணும்னா நியூயார்க்கோட இன்னொரு பகுதியான குயின்ஸ்ல ஃப்ளஷிங் மெடோஸ் பக்கம் நகராட்சி கட்டித் தர்ற ஸ்டேடியத்துல வாடகைக்கு ஆடுங்கன்னாரு. ப்ரூக்ளினை விட்டு வெளிய போறதுன்னா அது எவ்வளவு தூரமா இருந்தா என்னங்கற மாதிரி ஓமாலியோட பதில் இருந்துச்சு. யார் மேல தப்புன்னு அறுபது வருஷத்துக்கு மேல சண்டை ஓடுது. மோசஸ் பிடிவாதம் பிடிக்காம இருந்திருந்தா டீம் போயிருக்காதுன்னு நான் நம்பறேன், அதே சமயம் ஓமாலி அந்தப் பக்கம் பேசிகிட்டே இந்தப் பக்கம் கதவையும் திறந்து வச்சிருந்தாருங்கறதும் உண்மை. 1956-ல எபெட்ஸ் ஃபீல்டை ஒரு ரியல் எஸ்டேட்காரருக்கு வித்துட்டு லீஸ்ல ஆடுனாரு. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சில ஹோம் மேட்ச்சை நியூஜெர்சில நடத்துனாரு. 1957 பிப்ரவரில லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்த ஒரு சின்ன லீக் டீமையும் அதோட ஸ்டேடியத்தையும் வாங்குனாரு.

அது எதுக்குன்னா, ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒரு டீமோட எல்லைக்குள்ள வரும், அந்த எல்லை உரிமையை வச்சிருக்கறவரைத் தாண்டி நீங்க அங்க ஆட முடியாது. ஐபிஎல் டீமை வேற ஊருக்கு மாத்தணும்னா ஓனர் மட்டும் நினைச்சாப் போதுமா, போர்டு ஒத்துக்கணும் இல்லையா, அதே மாதிரி இங்க லீக்ல இருக்கற மத்த ஓனர்களும் ஓட்டுப் போடணும். 1957 மே மாசம் டாட்ஜர்ஸ் ஆடுன நேஷனல் லீக்கோட ஓனர்கள், டாட்ஜர்ஸும் நியூயார்க்கோட இன்னொரு டீமான ஜயன்ட்ஸும் கலிஃபோர்னியா போக அனுமதி குடுத்தாங்க. அவங்களுக்கும் நியாயம் இருந்துச்சு, அவ்வளவு தூரம் ஃப்ளைட்ல போய் ஒரே ஒரு டீமோட மட்டும் ஆடிட்டு வந்தா செலவு கட்டுப்படியாகாது, ரெண்டு டீம் இருந்தா பரவாயில்ல. ஓட்டுப் போட்ட யாரும் ப்ரூக்ளின்காரங்களைக் கேக்கல, கேக்கணும்னு எந்த ஒப்பந்தத்துலயும் இல்ல. செப்டம்பர் 24-ம் தேதி எபெட்ஸ் ஃபீல்ட்ல கடைசி ஆட்டம், வந்தது 6,702 பேர், பிட்ஸ்பர்க்கை 2-0-ன்னு ஜெயிச்சாங்க. அக்டோபர் 8-ல அறிவிப்பு வந்துச்சு.

லாஸ் ஏஞ்சலஸ்ல கிடைச்ச நிலத்தைப் பத்திப் பேசாம இந்த விளக்கத்தை முடிச்சா அது பாதி உண்மைதான். சாவேஸ் ரவைன்னு ஒரு மேட்டுப் பகுதி, சுமார் 300 ஏக்கர். ஓமாலி தான் வாங்கின சின்ன ஸ்டேடியத்தை நகரத்துக்குக் குடுத்துட்டு இதை வாங்கிக்கிட்டாரு. அங்க பாலோ வெர்டே, லா லோமா, பிஷப்னு மூணு குடியிருப்பு இருந்துச்சு, பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த குடும்பங்கள், ஆடு கோழி வளத்துகிட்டு, கோயில் பள்ளிக்கூடத்தோட ஒரு கிராமம் மாதிரி. 1950-ல ஏழைகளுக்கு அரசு வீடு கட்டப்போறோம்னு சொல்லி அவங்களைக் காலி பண்ண வச்சாங்க, புது வீட்டுல உங்களுக்குத்தான் முதல் இடம்னும் சொன்னாங்க. மேயர் மாறுனாரு, அந்தத் திட்டமே ரத்தாச்சு, நிலம் மட்டும் நகரத்துகிட்ட தங்கிடுச்சு. 1958 ஜூன்ல இந்த ஒப்பந்தத்தை மக்கள் ஓட்டுக்கு விட்டாங்க, கொஞ்ச வித்தியாசத்துல ஜெயிச்சுது. கோர்ட்லயும் ஜெயிச்சுது. 1959 மே மாசம் கடைசியா வெளிய வர மறுத்த குடும்பத்தைப் போலீஸ் தூக்கிட்டு வந்தாங்க, டிவில ஊரே பாத்துச்சு. அந்தக் குடும்பங்களைக் காலி பண்ண வச்சது ஓமாலி இல்ல, நகரம்தான், அதுவும் டாட்ஜர்ஸ் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே. ஆனாலும் அவங்களுக்கு வாக்குக் குடுத்த வீடு வரல, அந்த இடத்துல 1962 ஏப்ரல் 10-ல டாட்ஜர் ஸ்டேடியம்தான் வந்துச்சு. ப்ரூக்ளின் ரசிகர்களோட துக்கத்தைப் பத்தி எழுதறதுல பத்துல ஒரு பங்கு கூட இவங்களைப் பத்தி எழுதறதில்ல, அது எனக்கு ரொம்ப வலிக்குது.

ஸ்டேடியத்தை ஓமாலி தனியார் பணத்துலயே கட்டுனாரு, 56,000 பேருக்கு. முதல் வருஷமே 27 லட்சம் பேர் வந்தாங்க. 1978-ல ஒரே சீசன்ல 30 லட்சம் பேரைப் பாத்த முதல் டீமும் இதுதான். டீம், ஸ்டேடியம், நிலம் மூணும் ஒரே கையில இருந்ததால டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு எல்லா வருமானமும் ஒரே இடத்துக்கு வந்துச்சு. ஸ்மித்தோட மனைவிகிட்ட இருந்த பங்கை முன்னாடியே வாங்கியிருந்தாரு, 1975-ல மல்வி குடும்பத்தோட பங்கும் வந்ததும் 1912-ல ஆரம்பிச்ச அந்தக் கூட்டு முழுசா ஒரே குடும்பத்துகிட்ட வந்து நின்னுச்சு. 1970-லயே மகன் பீட்டரைத் தலைவராக்கிட்டாரு, 1979 ஆகஸ்ட் 9-ல இறந்தாரு, 2008-ல பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க.

ஜனங்களே ஓனரா இருக்க முடியாதான்னு யாராவது கேப்பீங்க. அமெரிக்கன் ஃபுட்பால்ல கிரீன் பே பேக்கர்ஸ்னு ஒரு டீம் அப்படித்தான், லட்சக்கணக்கான சாதாரண ஆளுங்க பங்கு வச்சிருக்காங்க, லாபம் கிடையாது, ஆனா டீமை அந்தச் சின்ன ஊரை விட்டு யாரும் தூக்கிட்டுப் போக முடியாது. அந்த லீக் இப்போ புதுசா வேற எந்த டீமையும் அப்படி இருக்க விடறதில்ல.

டாட்ஜர்ஸை ஓமாலி குடும்பம் 1998-ல ஃபாக்ஸ் கம்பெனிக்கு வித்துருச்சு, 30 கோடி டாலருக்கு மேல. 2012-ல 200 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்குனது மறுபடி ஒரு கூட்டணிதான், கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் அதுல ஒரு பங்குதாரர், டீமோட தலைவரா உக்காந்த ஸ்டான் காஸ்டன் இன்னொருத்தர், அவரும் கொலம்பியால சட்டம் படிச்சவரு. இப்போ பேஸ்பால் லீக் எத்தனை பங்குதாரர் இருந்தாலும் ஒவ்வொரு டீமுக்கும் ஓட்டுப் போடற, கடைசி முடிவு எடுக்கற ஒரே ஒரு ஆளைப் பேர் குடுத்து அறிவிக்கச் சொல்லுது. டாட்ஜர்ஸுக்கு அது மார்க் வால்டர். 1925-ல எபெட்ஸும் எட் மெக்கீவரும் அடுத்தடுத்து இறந்தப்போ இப்படி ஒரு விதி இருந்திருந்தா ப்ரூக்ளின்ல அந்த இழுபறியே வந்திருக்காது.